ஒரு பிரபு, இரண்டு ராஜாக்கள்: காஸ்தோன் ஃபேபுஸ் எப்படி ஆண்டார்?

இடைக்கால பிரான்ஸைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களை முதலில் குழப்புவது வரைபடம்தான். 14ஆம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிரான்ஸ் ராஜாவுக்கு ஒரு நிறம், தென்மேற்கே இங்கிலாந்து ராஜாவுக்கு ஒரு நிறம், நடுநடுவே திட்டுத் திட்டாக கவுன்ட்களும் டியூக்களும் வைகவுன்ட்களும். இந்தத் திட்டுகள் பிரான்ஸுக்குள் இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா? அந்தப் பிரபுக்கள் ராஜாவின் அதிகாரிகளா, இல்லை குட்டி ராஜாக்களா?

ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியும் என்பதுதான் விடை. எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் காஸ்தோன் ஃபேபுஸ். ஃபுவா நாட்டின் கவுன்ட், பேயார்ன் நாட்டின் வைகவுன்ட். 1331இல் பிறந்து 1391இல் இறந்தவர். அவர் வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் பிரான்ஸும் இங்கிலாந்தும் நூறாண்டுப் போரில் அடித்துக்கொண்டிருந்தன. அவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார், எந்தப் பக்கமும் முழுசாகப் போகவில்லை, கடைசியில் பெரும் பணக்காரராகச் செத்தார்.

மண்டியிடுவது என்றால் என்ன?

முதலில் அடிப்படை. அக்காலத்தில் நிலம் என்பது பெரும்பாலும் யாரிடமிருந்தாவது 'பெற்று' வைத்திருக்கும் ஒன்று. பெற்றவர் கீழ்ப்பிரபு, கொடுத்தவர் மேல்பிரபு. இந்த உறவு ஒரு சடங்கில் உறுதியாகும். கீழ்ப்பிரபு வாளை அவிழ்த்து வைத்துவிட்டு, தலையில் எதுவும் இல்லாமல் மண்டியிடுவார். இரு கைகளையும் சேர்த்து மேல்பிரபுவின் கைகளுக்குள் வைத்து, நான் உங்கள் ஆள் என்பார். பிறகு புனித நூலையோ புனிதர்களின் எச்சங்களையோ தொட்டுச் சத்தியம் செய்வார். அன்றிலிருந்து போருக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், ஆலோசனைக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். பதிலுக்கு மேல்பிரபு பாதுகாப்புத் தருவார்.

பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு, அது மேல்முறையீடு. நீங்கள் ஒருவருக்கு மண்டியிட்டுவிட்டால், உங்கள் குடிகளுக்கு உங்கள் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் உங்களைத் தாண்டி உங்கள் மேல்பிரபுவின் நீதிமன்றத்துக்குப் போகலாம். பிரான்ஸ் ராஜாவின் நீதிமன்றம் பாரிஸில் இருந்தது. அங்கே ஒரு வழக்கு போனால், ராஜாவின் ஆட்கள் உங்கள் ஊருக்குள் வந்து விசாரிப்பார்கள், தடை போடுவார்கள், அபராதம் கேட்பார்கள். மண்டியிடுவது ஐந்து நிமிட வேலை. அதன் பின்விளைவுதான் பெரிது.

ஒரு பிரபு வெவ்வேறு நிலங்களை வெவ்வேறு மேல்பிரபுக்களிடமிருந்து பெற்றிருக்கலாம் என்பது அடுத்த சிக்கல். ஒரு வயலைக் கோயிலிடமும் இன்னொரு வயலைப் பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டிடமும் குத்தகைக்கு எடுத்து, கூடவே பாட்டன் விட்டுப்போன சொந்த வயல் ஒன்றையும் உழுகிற குடியானவரை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் மூன்றாவது வயல் உண்மையிலேயே சொந்தமா என்று ஊரில் யாராவது கிளப்பினால் என்ன ஆகும்? காஸ்தோனின் கதை கிட்டத்தட்ட அந்தச் சண்டைதான்.

சிதறிக் கிடந்த சொத்து

காஸ்தோனின் அப்பா இரண்டாம் காஸ்தோன் 1343இல் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் முற்றுகைக்குப் போன இடத்தில் இறந்தார். பையனுக்கு அப்போது 12 வயது. அம்மா அலியேனோர் த கொமான்ஜ் சில ஆண்டுகள் அவருக்காக ஆட்சியைக் கவனித்துக்கொண்டார்.

அந்தப் பையனுக்கு வந்த சொத்து ஒரே நாடு அல்ல. பிரனீஸ் மலையடிவாரத்தில், துலூஸ் நகரத்துக்குத் தெற்கே ஃபுவா. இதற்கு மேல்பிரபு பிரான்ஸ் ராஜா, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேற்கே காஸ்கனியில் மார்சான், கபார்தான் என்ற சிறு நாடுகள். இவற்றுக்கு மேல்பிரபு, அக்கித்தேன் என்ற தென்மேற்குப் பகுதியின் டியூக். அந்த டியூக் வேறு யாருமல்ல, இங்கிலாந்து ராஜாதான். அந்த இங்கிலாந்து ராஜாவோ, டியூக் என்ற முறையில் பிரான்ஸ் ராஜாவின் கீழ்ப்பிரபு! போருக்கான காரணங்களில் ஒன்றே இந்த முடிச்சுதான். 1337இல் பிரான்ஸின் ஆறாம் பிலிப் அக்கித்தேனைப் பறிமுதல் செய்வதாக அறிவித்ததோடு போர் தொடங்கியது.

மலைக்குள் அண்டோராவும் உண்டு. 1278 ஒப்பந்தப்படி அதை ஃபுவா கவுன்ட்டும் உர்ஹேல் பிஷப்பும் சேர்ந்து ஆண்டார்கள். கவுன்ட்டின் பங்கு பின்னாளில் பிரான்ஸ் ராஜாக்களுக்குப் போய், இன்றைக்குப் பிரான்ஸ் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. ராஜாவை ஒழித்த நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டுக்கு இணை இளவரசர். இடைக்காலம் முழுசாக முடிந்துவிடவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியாக பேயார்ன். 1290இல் ஒரு கல்யாணத்தின் வழியாக ஃபுவா குடும்பத்துக்கு வந்தது. ஓர்தேஸ் அதன் முக்கிய நகரம். ஃபுவாவுக்கும் பேயார்னுக்கும் நடுவே, காஸ்தோனுக்குச் சொந்தமில்லாத பிகோர் கிடந்தது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக அடுத்தவர் நிலத்தைத் தாண்ட வேண்டிய நிலை. அவர் வாழ்நாள் முழுக்க பிகோர் மீது கண் வைத்திருந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, பேயார்னுக்கு மேல்பிரபு யார்? முந்தைய தலைமுறைகளில் அதன் வைகவுன்ட்கள் அக்கித்தேன் டியூக்குக்கு மண்டியிட்டது உண்டு. ஆனால் டியூக்கும் ராஜாவும் அடித்துக்கொள்ளும் நேரத்தில் அந்தப் பழைய கணக்கை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

1347: பதினாறு வயதுப் பதில்

1346 ஆகஸ்டில் கிரெசி போர்க்களத்தில் பிரான்ஸ் படை நொறுங்கியது. அடுத்த ஆகஸ்டில் கலே துறைமுகமும் இங்கிலாந்து கைக்குப் போனது. ஆறாம் பிலிப்புக்கு ஒவ்வொரு பிரபுவின் ஆதரவும் தேவைப்பட்டது. 1347 செப்டம்பரில் அவருடைய தூதர் ஓர்தேஸுக்கு வந்து, பிரான்ஸ் ராஜாவுக்கு அடிபணியக் கேட்டார்.

காஸ்தோனுக்கு வயது 16. அவர் சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது. ஃபுவாவுக்கு ராஜாவின் ஆளாக இருப்பதில் தடையில்லை. ஆனால் பேயார்னைத் தான் கடவுளிடமிருந்து பெற்றிருப்பதாகவும், உலகில் வேறு எந்த மனிதரிடமிருந்தும் பெறவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

இதைப் பக்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரு சட்ட வாதம். கடவுள் மட்டுமே மேல்பிரபு என்றால், பேயார்ன் குடிகள் மேல்முறையீடு செய்யப் போக வேறு இடமே இல்லை! பாரிஸ் நீதிமன்றமும் கிடையாது, அக்கித்தேன் டியூக்கின் நீதிமன்றமும் கிடையாது. காஸ்தோனின் சொல்லே கடைசிச் சொல். பதினாறு வயதுப் பையனுக்கு இதெல்லாம் தானாகத் தோன்றியிருக்காது, அம்மாவும் ஆலோசகர்களும் கூட இருந்து யோசித்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கிரெசிக்கு முன்பு கேட்டிருந்தால் பிலிப் சும்மா விட்டிருக்க மாட்டார். நேரம் பார்த்துச் சொன்னதில்தான் சாமர்த்தியம்.

பிலிப்புக்குப் பின் வந்த இரண்டாம் ஜான் இதைச் சகிக்கவில்லை. 1356இல் காஸ்தோனைப் பாரிஸில் கைது செய்து அடைத்தார். காஸ்தோனின் மைத்துனர், நவார் ராஜா சார்லஸும் அதே ஆண்டு ஜானால் சிறைபிடிக்கப்பட்டார். பிற்கால வரலாறு இந்தச் சார்லஸுக்குக் 'கெட்டவர்' என்றே பட்டம் கொடுத்தது. காஸ்தோன் கொஞ்ச நாளில் வெளியே வந்துவிட்டார். அதே செப்டம்பரில் புவாத்தியே போரில் ஜானே இங்கிலாந்திடம் சிக்கிக் கைதியானார்.

இங்கிலாந்து பக்கமும் இதே கேள்வி வந்தது. 1360 பிரெத்தினி ஒப்பந்தத்தில் தென்மேற்குப் பிரான்ஸின் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போனது. ராஜாவின் மகன், கருப்பு இளவரசர் என்று அழைக்கப்படும் எட்வர்ட், அக்கித்தேனை ஆள வந்தார். 1364 ஜனவரியில் அஜான் நகரில் காஸ்தோன் அவர் முன் மண்டியிட்டார், மார்சானுக்கும் கபார்தானுக்கும் மட்டும். பேயார்ன்? முடியாது. ஒரே ஆள் ஃபுவாவுக்கு ஒரு ராஜாவின் ஆள், மார்சானுக்கு இன்னொரு ராஜாவின் மகனுடைய ஆள், பேயார்னுக்கு யாருடைய ஆளும் இல்லை. வரைபடத்தில் இதை எந்த நிறத்தில் போடுவீர்கள்?

சூரியன் பெயர்

ஃபேபுஸ் என்பது குடும்பப் பெயர் அல்ல, அவரே சூட்டிக்கொண்டது. கிரேக்க, ரோமானியக் கதைகளில் வரும் சூரியக் கடவுளின் பெயர். தங்க நிறத் தலைமுடிதான் காரணம் என்பார்கள். ஆவணங்களில் அவரே கைப்பட 'ஃபேபுஸ்' என்று போட்ட கையெழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன. விளம்பரத்தில் மனுஷன் கெட்டிக்காரர்.

1350களின் கடைசியில் டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மன் துறவிப் படையோடு சேர்ந்து பிரஷ்யாவில் சிலுவைப் போருக்குப் போய்விட்டு, 1358 ஜூனில் திரும்பி வரும் வழியில் வடபிரான்ஸில் விவசாயிகள் கலகம் வெடித்திருந்தது. மோ என்ற ஊரில் பட்டத்து இளவரசரின் மனைவியும் மற்ற உயர்குடிப் பெண்களும் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். காஸ்தோனும், இங்கிலாந்து பக்கம் நின்று போரிடும் காஸ்கனிப் பிரபு ஒருவரும் சேர்ந்து அவர்களை மீட்டார்கள். எதிரெதிர் அணிக்காரர்கள், ஆனால் எதிரில் நிற்பது சாமானியர்கள் என்றதும் ஒரே அணி. இதை வீரக் கதையாகத்தான் அக்கால எழுத்தாளர்கள் சொன்னார்கள். தாக்க வந்தவர்கள் வெட்டிக் குவிக்கப்பட்டதும் ஊரே எரிக்கப்பட்டதும் அதே கதையின் அடுத்த வரியில் இருக்கிறது.

லோனாக்: ஒரு நாள் சண்டை, வாழ்நாள் வருமானம்

காஸ்தோனின் பரம எதிரி பிரான்ஸ் ராஜாவும் இல்லை, இங்கிலாந்து ராஜாவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், அர்மன்யாக் கவுன்ட். 1290இல் பேயார்னின் பழைய வைகவுன்ட் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, ஒரு மகள் ஃபுவாவில் வாழ்க்கைப்பட்டிருந்தார், இன்னொரு மகள் அர்மன்யாக்கில். பேயார்ன் ஃபுவாவுக்குப் போனது. அர்மன்யாக் குடும்பம் அதை மறக்கவே இல்லை. பாகப்பிரிவினைச் சண்டை மூன்று தலைமுறை ஓடியது.

1362 டிசம்பர் 5 அன்று துலூஸுக்கு அருகில் லோனாக்கில் இரு தரப்பும் மோதின. காஸ்தோன் முழு வெற்றி பெற்றார். அர்மன்யாக் கவுன்ட் முதலாம் ஜானே சிக்கினார். கொமான்ஜ் கவுன்ட், அல்ப்ரே குடும்பத்தார், நூற்றுக்கணக்கான பிரபுக்களும் வீரர்களும் கைதிகள். அக்காலப் போரில் பிரபுவைக் கொல்வது நஷ்டம், பிடித்து வைப்பது லாபம். மீட்புப் பணமாக அர்மன்யாக் மட்டும் 3,00,000 ஃப்ளோரின் தர ஒப்புக்கொண்டார். எல்லாக் கைதிகளையும் சேர்த்தால் குறைந்தது 6,00,000 ஃப்ளோரின். ஃப்ளோரின் என்பது சுமார் மூன்றரை கிராம் தங்கக் காசு. கணக்குப் போட்டால் இரண்டு டன்னுக்கு மேல் தங்கம் வருகிறது. எல்லாம் ஒரே நாளில் கைக்கு வரவில்லை, தவணை தவணையாகத்தான் வந்தது. ஆனாலும் தென்பிரான்ஸில் மற்ற பிரபுக்கள் கடனில் தத்தளிக்கும்போது இவர் கடன் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

இனி நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1368இல் கருப்பு இளவரசர் ஸ்பெயின் படையெடுப்பில் கஜானாவைக் காலி செய்துவிட்டு, அக்கித்தேன் முழுக்க அடுப்பு வரி போட்டார். ஒரு வீட்டில் ஓர் அடுப்பு என்று கணக்கிட்டு, அடுப்புக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வரி. ஏற்கெனவே லோனாக் கடனில் மூழ்கியிருந்த அர்மன்யாக் கவுன்ட் முடியாது என்றார். என்ன செய்தார்? மேல்முறையீடு! பாரிஸுக்குப் போய் ஐந்தாம் சார்லஸின் நீதிமன்றத்தில் இளவரசர் மீது புகார் கொடுத்தார். சார்லஸ் அதை ஏற்றுக்கொண்டு இளவரசரை நேரில் வரச் சொன்னார். இளவரசர் படையோடு வருகிறேன் என்ற மாதிரி பதில் அனுப்பினார். 1369இல் போர் மறுபடி தொடங்கியது. சில ஆண்டுகளில் இங்கிலாந்து கையிலிருந்த அக்கித்தேனில் பெரும்பகுதி போய்விட்டது.

காஸ்தோனும் தன் நாட்டில் அடுப்பு வரி வாங்கினார். வரலாற்றெழுத்தாளர் ஃப்ருவாசார் சொல்வதன்படி அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஃப்ராங்க். 1385இல் பேயார்ன் முழுக்க ஊர் ஊராக அடுப்புகள் எண்ணப்பட்டு எழுதப்பட்டன. அந்தப் பதிவேடு இன்றும் அந்தப் பகுதியின் வரலாற்றுக்கு அடிப்படை ஆதாரம். ஆனால் பேயார்னிலிருந்து யாரும் பாரிஸுக்குப் போய்ப் புகார் கொடுக்கவில்லை, கொடுக்கவும் வழியில்லை. 1347இல் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன விலை என்று இந்த இரண்டு அடுப்பு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

பெட்டியைத் தானே பூட்டிய ஆள்

உள்நாட்டில் அவர் ஆட்சி கறாரானது. பேயார்னுக்குப் பழைய வழக்கச் சட்டங்களும் பிரபுக்கள் கூடும் உயர் நீதிமன்றமும் இருந்தன. காஸ்தோன் அவற்றை ஓரங்கட்டிவிட்டுத் தானே உட்கார்ந்து வழக்குக் கேட்டார், தானே முடிவெடுத்தார். வரி கேட்க எந்தச் சபையையும் கூட்டவில்லை.

பணத்தில் யாரையும் நம்பவில்லை. ஃப்ருவாசார் தரும் ஒரு விவரம் இது: வசூலைக் கவனிக்க 12 பெரிய மனிதர்கள் இருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு இருவர் என்ற முறையில் மாறி மாறி வேலை பார்த்தார்கள். இவர்கள் கணக்கைச் சரிபார்க்க ஒருவர், அவரிடமிருந்து கணக்கு காஸ்தோனுக்கே எழுத்தில் வரும். அறையிலேயே பணப்பெட்டிகள் இருந்தன. யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் அங்கிருந்து எடுத்துக் கொடுப்பார், வெறுங்கையோடு யாரையும் அனுப்பமாட்டார் என்கிறார் ஃப்ருவாசார்.

அந்தப் பணம் கோட்டைகளாக மாறியது. சிக்கார் த லோர்தா என்பவர் தலைமையில் மொந்தனேர், மோர்லான், மோவசான், போ ஆகிய இடங்களில் கோட்டைகள் எழுந்தன, இல்லை பழையவை வலுப்பெற்றன. கல்லை விட மலிவான செங்கல் நிறையப் பயன்பட்டது. மொந்தனேரின் பெரிய கோபுரம் சுமார் 40 மீட்டர் உயரம். அதன் கல்லில் 'ஃபேபுஸ் என்னைக் கட்டினான்' என்று கோபுரமே பேசுவது போல உள்ளூர் மொழியில் பொறித்திருக்கிறது. கோட்டைகளால் அவர் பெற்ற லாபம் எளிமையானது. 1360களிலும் 70களிலும் வேலையில்லாத கூலிப்படைகள் பிரான்ஸ் முழுக்கக் கொள்ளையடித்துத் திரிந்தன. பேயார்னை அவை பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போயின. வரி கொடுத்த குடியானவருக்குக் கிடைத்த பலன் அதுதான். குறைவானது என்று சொல்லிவிட முடியாது.

ஃப்ருவாசாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் 1388 நவம்பரில் ஓர்தேஸுக்கு வந்து, அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை கவுன்ட்டின் விருந்தாளியாகத் தங்கினார். காஸ்தோன் பகலில் தாமதமாக எழுந்து, நடுராத்திரியில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவாராம். பன்னிரண்டு பணியாட்கள் பன்னிரண்டு தீவட்டிகளோடு முன்னே நிற்பார்களாம். சாப்பாடு முடிந்ததும் ஃப்ருவாசார் தான் எழுதிய நீண்ட கவிதைக் காவியத்தை இரவுக்கு ஒரு பகுதியாக வாசிப்பார். அப்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று கவுன்ட் உத்தரவு. கிளம்பும்போது 80 ஃப்ளோரின் கொடுத்தார், அதைப் பாவம் ஃப்ருவாசார் வழியில் பறிகொடுத்தார். இப்படிச் சாப்பாடு போட்டு, கதை கேட்டு, காசும் கொடுத்தவரைப் பற்றி ஓர் எழுத்தாளர் எப்படி எழுதுவார்? காஸ்தோனைப் பற்றி நாம் படிக்கும் அழகான வர்ணனைகளில் பெரும்பாலானவை இவரிடமிருந்து வந்தவை என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மனைவியும் மகனும்

1349இல் காஸ்தோன் நவாரின் ஆக்னேஸைக் கட்டினார், மேலே சொன்ன கெட்ட சார்லஸின் தங்கை. பேசிய வரதட்சணை ஒழுங்காக வரவில்லை. 1362இல் ஒரு மகன் பிறந்தான். லோனாக் வெற்றி வந்த அதே டிசம்பரில் காஸ்தோன் மனைவியை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திரும்ப அழைக்கவே இல்லை.

மகன் பெயரும் காஸ்தோன்தான். 1380இல் அவன் அப்பாவைக் கொல்லச் சதி செய்ததாகப் பிடிபட்டான். ஃப்ருவாசார் சொல்லும் கதைப்படி, தாய்மாமன் சார்லஸ் ஒரு பையில் பொடி கொடுத்து, இதை அப்பா சாப்பாட்டில் தூவு, அம்மா மேல் மறுபடி ஆசை வரும் என்றாராம். காஸ்தோனுக்கு வேறு பெண்களிடம் பிறந்த மகன்களில் ஒருவனான இவான் பையைப் பார்த்து அப்பாவிடம் சொல்ல, அவர் பொடியை நாய்க்குக் கொடுத்தார். நாய் செத்தது. பையனைக் கோபுரத்தில் அடைத்தார்கள். அவன் சாப்பிட மறுத்தான். அப்பா ஆத்திரத்தோடு உள்ளே போய், கையில் நகம் வெட்டும் சின்னக் கத்தியோடு அவன் கழுத்தைப் பிடித்தபோது நரம்பு அறுந்தது என்கிறது கதை.

தற்செயல் என்ற அந்தப் பகுதி எனக்கு நம்பும்படி இல்லை. ஓர்தேஸில் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் ஃப்ருவாசார் எழுதுகிறார், அதுவும் கவுன்ட் உயிரோடு இருக்கும்போது சொல்லப்பட்டது. மகன் தகப்பன் கையால் இறந்தான் என்பது வரை உறுதி. நாட்டை வெளியாரிடமிருந்து அவ்வளவு கவனமாகக் காத்தவருக்கு, அதை வாங்கிக்கொள்ள முறையான வாரிசு இல்லாமல் போனது.

வேட்டை நூல்

1387 மே 1 அன்று அவர் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். அந்தத் தேதியை அவரே முன்னுரையில் குறித்திருக்கிறார். தனக்கு உலகில் மூன்றில் விருப்பம் உண்டு என்கிறார்: ஆயுதம், காதல், வேட்டை. முதல் இரண்டில் தன்னை விடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், மூன்றாவதில் அப்படிச் சொல்லத் தயக்கம் என்று அடக்கமாகவே பெருமை பேசுகிறார்.

அந்த வேட்டை நூல் நல்ல கையேடு. மான், காட்டுப் பன்றி, கரடி, ஓநாய் என்று ஒவ்வொரு விலங்கின் பழக்கமும், நாய்களை எப்படி வளர்ப்பது, நோய் வந்தால் என்ன செய்வது என்பதும் நேரில் பார்த்தவரின் கண்ணோடு எழுதப்பட்டிருக்கின்றன. வட நாடுகளில் பார்த்த துருவ மானைப் பற்றிக்கூட ஓர் அத்தியாயம் உண்டு. அவரிடம் 1,600 நாய்கள் இருந்ததாக ஃப்ருவாசார் சொல்கிறார், எண்ணிக்கையில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். நூலைப் பர்கண்டி டியூக் பிலிப்புக்குச் சமர்ப்பித்தார். தாய்மொழி தெற்கத்தி மொழியாக இருந்தும் இதைப் பிரெஞ்சில் எழுதினார், வாசகர்கள் வடக்கே இருந்தார்கள் என்பதால். 40க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள ஒன்றில் 87 ஓவியங்கள். இடைக்கால வேட்டை என்று நாம் எங்கே படம் பார்த்தாலும் பெரும்பாலும் அந்தப் பிரதியிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

கடைசி பேரம்

வாரிசு இல்லாத நிலையில், 1390 ஜனவரியில் துலூஸில் ஆறாம் சார்லஸோடு காஸ்தோன் ஓர் ஒப்பந்தம் போட்டார். தனக்குப் பின் எல்லா நிலமும் பிரான்ஸ் ராஜாவுக்கு. பதிலுக்கு உயிரோடு இருக்கும்வரை பிகோர் அவர் கையில், கூடவே 1,00,000 ஃப்ராங்க். எந்த மனிதனுக்கும் கீழே இல்லை என்ற பேயார்னை அவரே ராஜாவுக்கு எழுதிவைத்தார் என்பது முரண்தான். உண்மையிலேயே அப்படி விரும்பினாரா, இல்லை காசையும் பிகோரையும் வாங்குவதற்காகக் கையெழுத்துப் போட்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சாகும்வரை எவரிடமும் முடிவைச் சொல்லாமல் வைத்திருப்பது அவர் வழக்கம்.

1391 ஆகஸ்ட் 1 அன்று கரடி வேட்டை முடித்து, ஓர்தேஸுக்குத் தெற்கே ஓரியோன் என்ற ஊரில் சாப்பிட உட்காரும் முன் கை கழுவத் தண்ணீர் கேட்டார். அப்படியே சாய்ந்தார். வயது 60.

இவான் உடனே ஓர்தேஸ் கோட்டைக்கு ஓடினான், முதல் எண்ணம் பணப்பெட்டி மீதுதான். அந்தக் கோட்டையின் மொன்காத் கோபுரத்தில் 7,00,000 ஃப்ளோரினுக்கு மேல் சேர்ந்து கிடந்தது. ஆனால் பேயார்ன் மக்களின் பிரதிநிதிகள் அவனையும் ஏற்கவில்லை, ராஜாவையும் ஏற்கவில்லை. காஸ்தோன் வாழ்நாளெல்லாம் கூட விடாத அந்தச் சபை, அவர் இறந்த சில நாட்களில் ஓர்தேஸில் தானாகக் கூடியது. பேயார்ன் நாட்டுச் சபை நிரந்தரமானது அதிலிருந்துதான். உறவினர் மத்தியூ த காஸ்தெல்போனை வாரிசாக ஏற்றார்கள், பிரான்ஸ் ராஜாவும் ஒரு பெருந்தொகை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டார். காஸ்தோன் சேர்த்த பணம்தான் காஸ்தோனின் ஒப்பந்தத்தை ரத்து செய்யப் பயன்பட்டது. இவான் பாரிஸ் அரண்மனைக்குப் போனான். 1393 ஜனவரியில் ராஜாவோடு சேர்ந்து காட்டுமனிதர் வேடம் போட்டு ஆடியபோது, பிசின் பூசிய உடைகளில் தீப்பிடித்து இறந்தவர்களில் அவனும் ஒருவன். ராஜா தப்பினார்.

பேயார்ன் அதற்குப் பிறகும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தனி நாடாகவே ஓடியது. போ கோட்டையில் 1553இல் பிறந்த அதன் ஆட்சியாளர் 1589இல் நான்காம் ஹென்றி என்று பிரான்ஸுக்கே ராஜாவானார். அப்போதும் அவர் பேயார்னைப் பிரான்ஸோடு சேர்க்கவில்லை. 1620இல் அவர் மகன் பதின்மூன்றாம் லூயி படையோடு தெற்கே வந்துதான் அதை இணைத்தார்.